பின் கேரியரில் ஒரு சம்மனசு

"ஏறிக்கோ சம்மனசே! கெட்டியாப் புடிச்சிக்கோ."

லூர்தம்மா சைக்கிளின் காலி கேரியரைப் பார்த்துத்தான் இப்படிச் சொன்னாள். சொல்லிவிட்டு அதன் மேல் ஒரு சிலுவையும் போட்டாள்.

சீட்டில் உட்கார்ந்து ஒரு காலைத் தரையில் ஊன்றியிருந்த பெருமாள் திரும்பிப் பார்த்தான். "ஏறிடிச்சா? கால சக்கரத்துல வுட்டுக்கப் போவுது, சொல்லி வையி."

"கிண்டல் பண்ணாதயா. வேட்டு வைக்கிற ஆளு நீ. தொணைக்கு ஒருத்தர் வோணாமா?"

பெருமாள் கிணறு வெட்டுகிறவன். ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய கிணற்றை ஆழப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. பாறையில் துளை போட்டு, வெடிமருந்தை அடைத்து, திரியைப் பற்ற வைத்துவிட்டு மேலே ஏறி ஓடி வர வேண்டும். நடுவில் கால் தடுக்கினால் அதோடு கதை முடிந்தது.

லூர்தம்மா வேதக்காரப் பெண். ஒவ்வொருவருக்கும் கடவுள் ஒரு காவல் சம்மனசை, அதாவது கூடவே இருந்து காக்கும் தேவதூதரை, கொடுத்திருக்கிறார், வேண்டியவர்களுக்குத் துணையாக அதை அனுப்பியும் வைக்கலாம் என்று சின்ன வயதில் கோயிலில் சிஸ்டர் சொல்லிக் கொடுத்ததை அவள் மறக்கவே இல்லை. ஆனால் அந்த 'ஒவ்வொருவர்' கணக்கில் தன் புருஷன் சேர்த்தி இல்லை என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் விழாதவனுக்கு ஏது சம்மனசு? அவனோ, "நான் அந்தத் தண்ணிய ஊத்திக்கினா, ஆடி மாசம் மாரியாத்தாவுக்குக் கூழு ஊத்துறது யாரு?" என்று நழுவிவிடுவான். வேறு வழியில்லாமல், தன்னுடைய சம்மனசையே தினமும் இரவலாக அனுப்பி வைத்தாள்.

சாயங்காலம் அவனும் மறக்காமல் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "எறங்கு சாமி, வூடு வந்துடுச்சி" என்பான். அதற்கப்புறம்தான் அவளுக்கு ஒழுங்காக மூச்சு வரும்.

"அது சரிமே, இத என்கூட அனுப்பிட்டா பகலெல்லாம் உனக்கு யாரு?" என்று பழைய கேள்வியையே திரும்பவும் கேட்டான் பெருமாள்.

"நான் வூட்டுலதான கீறேன். எனக்கு இன்னா ஆவப் போவுது?"

பெருமாள் அவள் வயிற்றைப் பார்த்தான். ஏழு மாதம். இதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போன வயிறு. பெடலை மிதித்தான்.

அவன் தலை மறைந்ததும் லூர்தம்மா பூனை மாதிரி நடக்கத் தொடங்கினாள். காவல் இல்லாத உடம்பு அல்லவா? சாயங்காலம் வரைக்கும் குடம் தூக்க மாட்டாள், பரண் பக்கம் போக மாட்டாள். உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக்கூட அவனுக்கு வேலை இல்லாத நாளில்தான் போவாள்.

அன்று மத்தியானம் திடீரென்று தூறல் போட்டது. காயப்போட்ட துணி நனைகிறதே என்ற அவசரத்தில் எல்லாவற்றையும் மறந்து பின்பக்கம் ஓடினாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசி. கால் சர்ரென்று வழுக்கியது. வயிறு கல்லில் மோதப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டவளை, யாரோ தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்த மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்தபோது முருங்கை மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். உள்ளே பிள்ளை ஓர் உதை விட்டது.

"மாதாவே!" என்று சிலுவை போடத் தூக்கிய கை பாதியில் நின்றது.

தன்னைப் பிடித்தது யார்? சம்மனசு இங்கே இருக்கிறது என்றால், அங்கே அவன்கூட யார் இருக்கிறார்கள்?

அந்த நேரம் பார்த்து ஏரிக்கு அந்தப் பக்கமிருந்து 'டமார்' என்று வேட்டுச் சத்தம் கேட்டது.

லூர்தம்மா மரத்தை விட்டு விலகி நிமிர்ந்தாள். "உன்ன யாரு திரும்பி வரச் சொன்னது? ஓடு! அவராண்ட ஓடு!" என்று காலியாகக் கிடந்த தோட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்.

அப்புறம் வாசற்படியில் வந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. பொழுது சாய்கிற நேரத்தில் மங்கம்மா வந்தாள். அடுத்த வீட்டுக்காரி, அதே கிணற்றில் கல் சுமக்கிறவள்.

"யக்கா, அவரு எங்க? நல்லாக் கீறாரா?"

"அவனுக்கு இன்னா, குத்துக்கல்லாட்டம் கீறான். ஏரில குளிச்சிக்கினு கீறான், வந்துடுவான். நீ ஏன் இப்பிடிப் பேயடிச்சா மாதிரி கீற?"

லூர்தம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மங்கம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "லூர்து, ஒண்ணு சொல்றேன், பயந்துக்காத. உன் வூட்டுக்காரனுக்குப் புத்தி ஒரு மாதிரியா ஆயிப் போச்சி. தெனமும் காலைல மதகாண்ட சைக்கிள நிறுத்திட்டு, பின்னால திரும்பித் தனியாப் பேசிக்கினு நிக்கிறான். லேட்டா வரான்னு மேஸ்திரி கத்துறாரு. இன்னிக்கு நான் பனமரத்துக்குப் பின்னால நின்னு கேட்டுட்டேன்."

"இன்னா பேசினாரு?"

"காலி கேரியரப் பாத்துக் கும்புட்டுக்கினு, 'இம்மாந்தூரம் வந்தது போதும், எறங்கிக்கோ சாமி. அவளாண்டயே திரும்பிப் போயிடு, அங்க ரெண்டு உசிரு தனியா கீது'ன்றான்!"