வந்து சேரவில்லை

"பெட்டியை வாங்கி வெச்சுக்கிட்டு வரலைன்னு பொய்ப் புகார் கொடுத்தா, நான் சும்மா விட்டுடுவேனா?"

இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்து வைத்திருந்தார் டூர்க்காரர். கம்பெனி வேலையாக ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில் தெருவில் வைத்த பெயர் அது. வேலை போய்விட்டது, சுற்றுவதும் நின்றுவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

மனைவி படுத்த படுக்கையான பிறகு வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக ஆன்லைனில் விற்றுத்தான் வைத்தியம் நடந்தது. முதலில் போனது சக்கரம் வைத்த அந்தப் பெரிய பெட்டி. "சனியன் தொலைஞ்சுது! இனிமே நீங்க என்னை விட்டுட்டு எங்கயும் போக முடியாது" என்று அன்று அவள் சிரித்தாள். கடைசியாகப் போனது அவளுடைய தையல் மெஷின். அந்தப் பணத்தைக் கட்டினால்தான் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுப்பார்கள்.

பணம் வரவில்லை, அறிவிப்புதான் வந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் விற்ற பெட்டிக்கு இப்போது புகாராம். 'வந்து சேரவில்லை.' அது தீரும்வரை தையல் மெஷின் பணத்தையும் நிறுத்தி வைத்திருப்பதாக அந்த விற்பனைத் தளம் தெரிவித்திருந்தது. இவர் பதறிப்போய் விளக்கம் கேட்டால், 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று பதில் வந்தது. அவரிடம் பொறுமை இருப்பதாக யார் சொன்னார்களோ தெரியவில்லை.

 பெட்டியை வாங்கியவன் இத்தனை மாதம் தூங்கிவிட்டு இப்போதுதான் விழித்துக்கொண்டானாம்! வாங்கும்போதே அந்த ஆள் ஒரு தினுசாகத்தான் பேசினான். "வீட்டுக்கு அனுப்பிடாதீங்க சார். கூரியர் ஆபீஸ்லயே வெச்சிருக்கச் சொல்லுங்க, நானே வந்து எடுத்துக்கறேன்" என்றான். அன்றைக்குத் தலையாட்டியவருக்கு இன்றைக்குத்தான் சூது புரிந்தது. வாசலில் வைத்து வாங்கினால் அக்கம்பக்கத்தில் பார்த்துவிடுவார்களே!

கூரியர் ஆபீஸில் கெஞ்சிக் கூத்தாடி ஆதாரம் வாங்கிவிட்டார். கையெழுத்து இருந்தது. போட்டோவும் இருந்தது. கவுன்டருக்கு முன்னால், பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான் அந்த மனுஷன்.

"சண்டை போடாதீங்க. நல்லபடியாப் பேசிட்டு வாங்க. எனக்கொண்ணும் அவசரம் இல்லை" என்று சொல்லித்தான் மனைவி அனுப்பினாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. அந்த மூச்சுச் சத்தம் வழி நெடுக அவர் காதிலேயே இருந்தது.

ஆர்டரில் இருந்த விலாசத்தைக் கண்டுபிடித்து மாடிப்படி ஏறி, மணியை அழுத்தி விரலை எடுப்பதற்குள் கதவு படாரென்று திறந்தது. திறந்த பெண் அவரைப் பார்த்ததும் அப்படியே முகம் வாடிப்போனாள். ஆள் யாரென்று தெரிந்துவிட்டது போலிருக்கிறது என்று டூர்க்காரர் மனதுக்குள் கறுவிக்கொண்டார்.

"பெட்டி வித்தவன் நான்தான். உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க."

"அவர் இல்லைங்க."

"இருக்க மாட்டார்னு தெரியும். பொம்பளையை முன்னால நிறுத்திட்டு நழுவிட்டாராக்கும்! எவ்வளவு நேரமானாலும் சரி, அவர் வர்ற வரைக்கும் இங்கயே உக்காந்திருப்பேன்."

"உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அந்த அடக்கம் அவர் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது. மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோய் வாய்க்கு வந்ததைக் கொட்டினார். "என் சம்சாரம் உயிருக்குப் போராடிட்டிருக்கா. ஆபரேஷனுக்குக் கட்ட வேண்டிய பணம் உங்க புகாரால முடங்கிக் கிடக்கு. அவளுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, அந்தப் பாவம் உங்களைச் சும்மா விடுமா?"

அவள் பதறிவிட்டாள். "ஐயோ, பணத்தை நிறுத்துவாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. அவரோட கணக்கைத் திறந்து பார்த்தேன். உங்களுக்கு எழுத வேற வழி தெரியலை. அதுல இருந்த புகார் பட்டன்கள்லயே 'வந்து சேரவில்லை'ங்கறது ஒண்ணுதான் பொருத்தமா இருந்துச்சு."

சொல்லிக்கொண்டே போனை எடுத்தாள். அவர் கண்ணெதிரிலேயே புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். "முடிச்சுட்டேன் சார். அக்காவுக்கு நல்லபடியா ஆகட்டும்."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. பேசாமல் கிளம்பியிருக்கலாம். ஆனால் மனசு ஆறவில்லை. பையிலிருந்த போட்டோவை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அவள் அதை வெடுக்கென்று வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உங்க வீட்டுக்காரர்தானே?"

"ஆமாங்க."

"கையில இருக்கறது என் பெட்டிதானே?"

"ஆமாங்க."

"அப்புறம் எந்த வாயால வந்து சேரலைன்னு சொன்னீங்க?"

அவள் போட்டோவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் பெட்டியைச் சொல்லலைங்க... அதை எடுத்துட்டுப் போனவரைச் சொன்னேன்."