விண்ணப்பத்தில் விட்டுப்போனது

"முதல் குற்றம்: என் மனைவிக்குப் போட்ட ஊசி, இன்னும் சோதனையில் இருந்த மருந்து. அதை அவளிடம் சொல்லவில்லை.

இரண்டாவது: 'எனக்குப் பழைய மருந்தே போதும்' என்று சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. அதையும் சொல்லவில்லை.

மூன்றாவது: நாலாம் நாள் கண் மங்குகிறது என்றாள். ஒருவரும் குறித்து வைக்கவில்லை.

நாலாவது: ஒன்பதாம் நாள் இறந்தாள். 'நோய் முற்றியிருந்தது' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஐந்தாவது: பதினோரு மனு போட்டேன். பத்துக்குப் பதில் இல்லை."

படித்து முடித்த பேராசிரியை விண்ணப்பத்தை மேசைமேல் வைத்தார். மருத்துவ அறநெறி முதுகலைப் படிப்பு. பாக்கி இருந்தது ஒரே இடம்.

எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு வயது அறுபத்தொன்று. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தபால் வழியில் பட்டம் வாங்கியவர். சிகிச்சையில் பாதிக்கப்பட்டவர்கள் சங்கத்தில் அவரை 'நோட்டீஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

வெளியே கிளார்க் கேட்டிருந்தார். "பேத்திக்கா சார் இன்டர்வியூ?"

"எனக்குத்தான்."

"ஹாஸ்டல் வேணுமான்னு ஒரு கட்டம் இருக்கு..."

"வேண்டாம்னு போடுங்க. இந்த வயசுல ராகிங் தாங்காது."

உள்ளே, தேர்வுக் குழுவில் ஒருவரான டாக்டர்தான் முதலில் ஆரம்பித்தார். அந்த ஊசி போட்ட அதே ஆஸ்பத்திரிக்காரர்.

"இதைப் படிச்சு என்ன செய்யப் போறீங்க? எங்க வாசல்ல இன்னும் சத்தமா கத்தவா?"

"கத்தறதுக்கு எதுக்கு டாக்டர் படிப்பு? நுரையீரல் போதுமே."

குழுவில் இருந்த வக்கீல் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை.

"பன்னிரண்டு வருஷமா எங்களைக் கொலைகாரங்கன்னு நோட்டீஸ் அடிச்சீங்க. போன வருஷம் திடீர்னு நிறுத்திட்டீங்க. விலை போயிட்டாருன்னு உங்க ஆளுங்களே பேசிக்கறாங்க."

"பேசட்டும். என் மேல பேச அவங்களுக்கு வேற என்ன கிடைச்சிருக்கு?"

"சரி, இந்தப் படிப்பு உங்களுக்கு எதுக்கு?" பேராசிரியை மெதுவாகக் கேட்டார்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அவ ஒரு கேள்வி கேட்டா மேடம். ஒழுங்கான பதில் கிடைக்கலை. இன்னொரு வாட்டி கேக்க மாட்டாளான்னு இருக்கு. காலையில அடுத்த வீட்டுல டம்ளர் உருண்டாக்கூட, அவதான் கேக்க வர்றான்னு திரும்பிப் பாக்கறேன். கேட்டா, பதில் தயாரா இருக்கணும். அதுக்குப் படிச்சாகணும்."



பேராசிரியை மறுபடி விண்ணப்பத்தைப் புரட்டினார். "எல்லாம் வரிசையா எழுதியிருக்கீங்க. ஆனா ஊசிக்கு முன்னாடி சம்மதப் படிவம்னு ஒண்ணு இருக்கணுமே. அதை விட்டுட்டீங்க. கையெழுத்து வாங்காமலே போட்டுட்டாங்களா?"

"அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன். கோர்ட்ல சத்தியம்கூடப் பண்ணியிருப்பேன். போன வருஷம் பதினோராவது மனுவுக்குப் படிவத்தோட நகல் அனுப்பி வெச்சாங்க. அட்மிஷன் தாளுங்களோட ஒண்ணா இதையும் நீட்டியிருக்காங்க."

சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த தாளை எடுத்தார். மடிப்பில் கிழிந்து ஒட்டுப் போட்டிருந்தது.

"உங்க மனைவிக்கு அப்ப நினைவு இருந்துதா?" என்றார் வக்கீல்.

"நல்லா இருந்துது. தலையணையில சாஞ்சு வாரப் பத்திரிகை படிச்சிட்டிருந்தா. என்னைவிட வேகமாப் படிப்பா. இந்தத் தாளைப் பாத்ததும் கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு, 'அது என்ன, எனக்கும் காட்டுங்களேன்'னா. 'உனக்கெதுக்கு இதெல்லாம், பேசாம படு'ன்னு பதில் வந்துது. அவளும் பேசாம படுத்துட்டா."

வக்கீலின் முகம் சிவந்தது. "யார் அந்த ஆள்? நர்ஸா, டாக்டரா? சம்மதம் வேற ஒருத்தர் குடுத்திருந்தா அந்தப் பேர் அதுலயே இருக்குமே. படிங்க சார். நாங்க மூணு பேர் சாட்சி."

டாக்டர் நாற்காலியில் நெளிந்தார்.

நோட்டீஸ் எழுந்து நின்றார். தாளைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"'முழுவதும் படித்துப் பார்த்து, நோயாளிக்குப் பதிலாகச் சம்மதம் தருபவர்...'"

தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, வாசல் கூட்டங்களில் குற்றவாளிகளின் பட்டியலை வாசிக்கிற அதே கணீர்க் குரலில், தகப்பன் பெயரையும் சேர்த்து, தன் பெயரைப் படித்தார்.