பப்பாளிக்குப் போர்த்திய பாய்

உயிரிப் பாதுகாப்பு அலுவலகத்தின் வாசலில் சேயுமாலோ பாயைத் தலைவழியே போர்த்திக்கொண்டு மண்டியிட்டுவிட்டார்.

சமோவாவில் கொலை மாதிரிப் பெருங்குற்றம் நடந்தால்தான் இப்படி ஒருவர் குனிவார். குற்றம் செய்த குடும்பத்தின் தலைவர், வீட்டிலிருப்பதிலேயே உயர்ந்த பாயைப் போர்த்திக்கொண்டு, பாதிக்கப்பட்டவர் வாசலில் காத்திருப்பார். உள்ளேயிருந்து யாராவது வந்து பாயை விலக்கினால் மன்னிப்பு. விலக்காவிட்டால் வெயில், வசவு, சில சமயம் கல்.

பப்பாளிக்காக இதுவரை யாரும் குனிந்ததில்லை.

"ஒரு மரத்துக்கு இவ்ளோ பெரிய பாயா? என் கல்யாணத்துக்கே இதுல பாதி அளவுதான் குடுத்தாங்க!" ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு சொன்னாள் வரவேற்பு மேஜை லாங்கி.

அலுவலகமே சிரித்தது. தலைமை அதிகாரி பெனியாமினாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

நாட்டின் முதல் மரபணுச் சோதனைக்கூடம் இந்த அலுவலகத்தில் திறந்து ஒரு வாரம்தான் ஆகிறது. ஊழியர்களைப் பழக்க வந்த வெளிநாட்டுப் பயிற்சியாளர் அம்மாள், போகிற வழியில் கண்ணில் பட்ட மரத்திலெல்லாம் இலை கிள்ளினார். எல்லாம் சாதுவான இலைகள். சேயுமாலோ வீட்டுப் பப்பாளி மட்டும் சோதனைப் பட்டையில் இரண்டாவது கோடு போட்டது. மரபணு மாற்றிய ரகம்; தீவுக்குள் அதற்கு அனுமதி கிடையாது.

இருட்டுவதற்குள் வானொலி அவர் பெயரைச் சொல்லிவிட்டது. மறுநாள் மரத்தை வெட்டி எரித்தார்கள். விதை எப்படி வந்தது என்று துருவியவர்களிடம், "வயசாயிடுச்சுப்பா, ஞாபகமில்ல" என்ற ஒரே விலையில் நின்றார் பெரியவர். இறங்கி வரவேயில்லை.

அலுவலகம் மன்னிக்காவிட்டால் ஊர்ச்சபையில் அவர் இருக்கை போய்விடும். தலைவர் பட்டமும் கூடவே போகும்.

"போங்கண்ணே," என்று பெனியாமினாவைப் பார்த்துத் திரும்பினாள் லாங்கி. "நீங்கதான் இங்க பெரிய தலை, நீங்கதான் விலக்கணும். அந்த மனுஷன் என்ன கருவாடா, காயப் போடறதுக்கு?"

பெனியாமினா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தண்ணீர் குடித்தார். கடைவாசல்வரை வந்து, பர்ஸைத் தடவிப் பார்த்துவிட்டு நழுவுகிற ஆள்போலப் படிவரை போய்த் திரும்பினார்.

வெளியே சேயுமாலோவின் மகன்கள் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார்கள். போகிற பேருந்தும் நின்று வேடிக்கை பார்த்தது.

கடைசியில் இறங்கிப் போனார். மண்டியிட்டு, பாயின் ஓரத்தை ஒரு சாண் தூக்கினார்.

உள்ளே அடுப்புச் சூடு. வியர்வையில் ஊறிப்போன பெரியவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, உதடு அசையாமல் முணுமுணுத்தார்:

"இந்த வேலைக்குப் படிக்கப் போன ஊர்லேருந்து நீ ஆசையா கொண்டாந்து குடுத்த பழத்தோட விதைதான்னு ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல தம்பி. என் பேரு போனா ஒரு மரத்தோட போச்சு. உன் பேரு போனா இந்த ஆபீசையே எவன் நம்புவான்? சீக்கிரம் மன்னிச்சு விடு, முட்டி கழண்டுடும் போலிருக்கு."

பெனியாமினா பாயை முழுவதும் விலக்கினார். கூட்டம் அவர் வாயைப் பார்த்தது.

"அரசாங்கத்தின் சார்பில் உங்களை மன்னிக்கிறோம்."

குரல் கொஞ்சமும் பிசிறவில்லை.

பெரியவர்தான் முதலில் கைதட்டினார்.