வெட்டுப்பட்ட பெயர்

“திரும்பவும் திருப்பி அனுப்பிட்டார்!”

என்ரை மனிசி யதுர்ஷா கொம்பியூட்டருக்கு முன்னாலையிருந்து கத்தினா. நான் குசினிக்குள்ளையிருந்து ஓடி வந்தன்.

“ஆர், அந்தத் துரொண்ட்ஹெய்ம் ஊர்க்காரனோ?”

“ஓம், ஆன்ட்ரியாஸ்தான். எப்பிடிச் சோதிச்சுப் பாத்தனான் எண்டு நான் எழுதேல்லையாம்.”

பிள்ளை பிறந்தபிறகு வீட்டோடை இருந்த மனிசி இப்ப திரும்ப வேலை தேடுறா. போற இடமெல்லாம் ஒரே கேள்வி: “இந்த நாட்டிலை என்ன செய்து காட்டியிருக்கிறீங்கள்?” திங்கட்கிழமை இன்னொரு நேர்முகம். அதுவும் போச்சுதெண்டால் மனிசி உடைஞ்சுபோவா எண்டு எனக்குப் பயம்.

அதுக்குள்ளை காட்ட ஒண்டு வேணுமெண்டுதான் இந்த ஓபன் சோர்ஸ் வேலை. கடித உறையிலை முகவரி அச்சடிக்கிற ஒரு இலவச மென்பொருள். ஆரும் திறந்து பாக்கலாம், பிழையைத் திருத்தி அனுப்பலாம். பொறுப்பாளர் ஆன்ட்ரியாஸ் ஓமெண்டால்தான் சேரும்.

பிழை என்னெண்டால், நீளமான பெயருக்கு வால் வெட்டுப்படும். ஹான்சன், ஓல்சன் எண்டு குட்டிப் பெயர் வைச்சிருக்கிற இந்த நாட்டுக்காரருக்கு அது எங்கை தெரியப்போகுது? எங்கடை ஆனந்தராஜா ‘ஆனந்தரா’வோடை நிண்டுபோனார்!

முதல்தரம் மனிசி “மதிப்புக்குரிய ஐயா” எண்டு தொடங்கி, ஓரக்கோடு கோணலாய் விழுற இன்னொரு பிழையையும் சேத்துத் திருத்தி அனுப்பினா.

“ஹை, நான் ஆன்ட்ரியாஸ். ஒரு தரத்துக்கு ஒரு திருத்தம். பிரிச்சு அனுப்புங்கோ” எண்டு பதில். அதுவும் எல்லாரும் வாசிக்கிற மடல் குழுவிலை.

பெயர்ப் பிழையை மட்டும் பிரிச்சு அனுப்பினதுக்குத்தான் இப்ப இந்தப் பதில்.

“சந்தியிலை வைச்சு மானத்தை வாங்குறான்!” எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “இவ்வளவு தெரிஞ்சவன் மிச்சத்தைத் தானே சரிப்படுத்திச் சேர்க்கலாமே? கேளும்!”

“வேண்டாம், கோவிப்பார்.”

“கேளுமப்பா. திங்கட்கிழமை நேர்முகம் எண்டும் எழுதும்.”

எழுதினா. பதில் உடனை வந்தது.

“ஏலும். செய்யமாட்டன். நீங்களே செய்யுங்கோ.”

“திமிரைப் பார் அவனுக்கு!”

யதுர்ஷா அழுதா. பிறகு மூக்கைத் துடைச்சுக்கொண்டு திரும்பக் குந்தினா. சூசைரட்ணம், அருளானந்தன், பரமநாதன் எண்டு தெரிஞ்ச நீளப் பெயரெல்லாத்தையும் அச்சடிச்சுப் பாத்து, சோதிச்ச விதத்தை விளக்கமாய் எழுதி அனுப்பினா.

ஞாயிற்றுக்கிழமை மெயில் பாக்கப் பாக்க இன்டர்நெட் மோடம் கத்திக் கத்திக் களைச்சதுதான் மிச்சம். பதில் இல்லை.

திங்கள் விடிஞ்சும் பதில் வரேல்லை. நேர்முகம் நடக்கிற கந்தோருக்குக் கீழை பிள்ளையை வண்டிலுக்குள்ளை வைச்சுக்கொண்டு நான் நிண்டன். மேலை என்ன நடக்குதோ எண்டு யன்னலுகளை அண்ணாந்து அண்ணாந்து பாத்தன்.

மனிசி ஓடி வந்தா.

“வேலை கிடைச்சிட்டுது!”

“அப்ப அவன்?”

“காலமைதான் சேர்த்திருக்கிறார். எமிலி, என்னைக் கேள்வி கேட்ட மனிசி, எனக்கு முன்னாலைதான் அந்தப் பக்கத்தைத் திறந்தவ. என்ரை முழுப் பெயரும் கிடக்கு, வெட்டுப்படாமல்! எமிலிக்குச் சிரிப்பு.”

“என்ன சிரிப்பு?”

“அந்தப் பிழையை அவவே முந்தி ஒருக்கால் திருத்தி அனுப்பினவவாம். ஆன்ட்ரியாஸ் சேர்க்கேல்லையாம்.”

“ஏனாம்?”

“‘எனக்கே அது ரெண்டு நிமிச வேலை. புதுசாய் வாற ஆரும் தொடங்கிறதுக்கு விட்டுவைச்சிருக்கிறன். உனக்கும் முந்தி ஒண்டு விட்டுவைச்சனான்தானே’ எண்டு அப்ப எமிலிக்கு எழுதினவராம்.”

நான் வண்டிலைத் தள்ளத் தொடங்கினன்.

வீட்டுக்கு, குரோருட்டுக்குப் போற ரயிலிலைதான் எனக்கு மற்றது ஞாபகம் வந்தது.

“அந்தக் கோணல் கோடு? அதுதான் திருத்தி முடிச்சுக் கிடக்கே. போன உடனை அனுப்பும்.”

யதுர்ஷா பிள்ளையின்ரை தொப்பியைச் சரியாக்கினா.

“ஏலும். செய்யமாட்டன். அடுத்து வாற ஆளுக்குக் கிடக்கட்டும்.”