கரையாத சவ்வு

"எதை வெச்சா நான் இங்க நிறைய தடவை வரணும்?" என்று கேட்டார் ஃபிரானே.

டாக்டர் யாத்ரன்கா கையில் இரண்டு பொட்டலங்களோடு அப்படியே நின்றுவிட்டாள். ஸ்ப்ளிட் நகரத் துறைமுகத்தருகே பதினைந்து வருடமாகப் பல் வைத்தியம் பார்க்கிறாள். இப்படி யாரும் கேட்டதில்லை.

"இம்ப்ளான்ட்டைச் சுத்தி எலும்பு வளரணும் ஃபிரானே. ஈறு உள்ள நுழைஞ்சிடாம இந்தச் சவ்வு தடுக்கும். இது தானாக் கரைஞ்சிடும். அது கரையாது. அடிக்கடி வந்து காட்டணும், ஆறு மாசம் கழிச்சுத் திரும்பக் கீறி எடுக்கணும். ரெண்டுமே உங்களுக்கு ஒத்துவரும்."

"அப்ப கரையாததே வைங்க."

முன்னறையில் தேதி எழுதித் தருவது அவளுடைய அம்மா வின்கா. அப்பா இறந்தபின் வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் வந்து உட்கார்ந்தவள். "வரட்டுமேடி, நல்ல மனுஷன்" என்றாள்.

ஃபிரானே ஓய்வுபெற்ற படகு கேப்டன், மனைவியை இழந்தவர். ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுவார். தேய்த்த சட்டை, சென்ட் வாசனை, கை நிறைய அத்திப்பழம். "அடுத்த வாரம் வர வேண்டாம்" என்றால் முகம் தொங்கிப்போகும்.

யாத்ரன்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பத்தொரு வயதில் இப்படி ஒரு ரசிகரா? அவர் வரும் நாளில் தன்னையறியாமல் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டாள். பூசியதற்காகத் தன்னையே திட்டியும் கொண்டாள்.

ஆறு மாதம் ஓடியது. சவ்வை எடுத்துப் பார்த்தால் எலும்பு கெட்டியாக வளர்ந்திருந்தது. இனி அவர் அடிக்கடி வர வேலையில்லை.

தையல் போட்டதும் ஃபிரானே எழுந்து தொப்பியைப் பிசைந்தார். மரத்துப்போன உதடு ஒரு பக்கம் கோணியது.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும். இத்தனை நாளா தைரியம் வரலை."

யாத்ரன்கா அவரை முடிக்க விடவில்லை. வீட்டில் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்ததை ஒரே மூச்சில் கொட்டினாள். "வேண்டாம் ஃபிரானே. நீங்க தங்கமானவர். ஆனா எனக்குப் புருஷன் இருக்காரு, ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க."

"தெரியுமே. சின்னவன் கணக்குல வீக்குன்னுகூடத் தெரியும்."

"அது எப்படி உங்களுக்கு..."

அவர் கோணல் வாயோடு சிரித்தார்.

"உங்க அம்மா சம்மதிச்சுட்டாங்க, மகளே."