விற்பனைக்கு ஓர் ஒஸ்ரின்

கனடாவின் மில்லிக்கனில், ஜெனிற்றாவின் கராஜுக்குள் நின்ற பழைய ஒஸ்ரின் காரை அந்த வயதானவர் ஆசையோடு சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஊரிலையிருந்து இறக்கினதோ, பிள்ளை?"

"ஓம் அங்கிள். அப்பான்ரை கார்."

"கன காலமா விளம்பரத்திலை கிடக்குது. ஏன் ஒருத்தரும் வாங்கேல்லை?"

"வந்த ஒருத்தராலையும் ஸ்ராட் பண்ண ஏலேல்லை. நீங்களும் ஒருக்கால் பாருங்கோ."

திறப்பை வாங்கிக்கொண்டு ஏறி இருந்தார். திருப்பினார். சத்தமே இல்லை. உடனே, குனிந்தும் பார்க்காமல், சீற்றுக்குக் கீழே கையை விட்டு எதையோ தட்டிவிட்டு மறுபடியும் திருப்பினார். கார் உறுமியது.

"அருமையான கார். நான் எடுக்கிறன், பிள்ளை."

ஜெனிற்றா காருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இது விக்கிறதுக்கில்லை, அங்கிள். அந்தச் சுவிச்சை அப்பா எங்களைத் தவிர ஆருக்கும் தெரியாமல் ஒளிச்சுப் பூட்டினவர். காரைப் பறிக்க வந்தவையாலை ஸ்ராட் பண்ண ஏலாமல்தான் அப்பாவையே ஓட்டச் சொல்லி ஏத்திக்கொண்டு போனவை. பிறகு கார் மட்டும் றோட்டிலை கிடந்து எடுத்தனாங்கள்."

அவர் திறப்பைத் திருப்பிக் காரை நிறுத்தினார்.

"அப்பா எங்கை, அங்கிள்?"