மார்பளவுப் படங்கள்

“படத்துல இருக்கிறதைப் பார்க்கிறவன் வாடிக்கைக்காரன். இல்லாததைப் பார்க்கிறவன்தான்...” என்று தொழில் கற்ற காலத்தில் பழைய முதலாளி ஏதோ சொல்லுவார். மீதி ஸ்டுடியோக்காரருக்கு மறந்துவிட்டது. சொல்லும்போது தலையில் விழுந்த குட்டு மட்டும் ஞாபகம் இருக்கிறது.

போட்டோ ஸ்டுடியோவை மூடிப் பல வருஷமாகியும் தெருவில் அவருக்கு அந்தப் பெயர்தான். பக்கவாதத்தில் ஒரு கால் விழுந்த பிறகு அவர் தெருவுக்கே போவதில்லை என்பது வேறு விஷயம். கட்டிலில் சாய்ந்துகொண்டு, வெளிநாட்டில் படிக்கும் மகன் அனுப்புகிற படங்களை போனில் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் இப்போதைய பிழைப்பு.

“இந்த வாரம் கடற்கரையாம். போன வாரம் மலை. இவன் படிக்கப் போனானா, ஊர் அளக்கப் போனானா?”

“லீவு நாள்ல நாலு இடம் பார்த்தா என்ன குறைஞ்சிடும்? நீங்க கல்யாணம் கல்யாணமாச் சுத்தலையா?” என்றாள் மனைவி, துணியை மடித்தபடி.

“அது தொழில். இதைப் பாரு. எல்லாமே மார்பளவுப் படம். கீழ்ப்பாதியை வெட்டிட்டுத்தான் அனுப்பறான். ரெண்டு கையும் எங்க போகுது பாரு. முன்னாடி யாரோ உக்காந்திருக்காங்க.”

“யாரு?”

“அப்பன் கண்ணுல படக் கூடாத ஆளு. வேற யாரை வெட்டுவாங்க?”

“பொண்ணா இருந்தா நல்லதாப் போச்சு. நமக்குத் தேடற வேலை மிச்சம்.”

அவர் சிரிக்கவில்லை. அவருக்கு வேறொரு மனத்தாங்கல் இருந்தது.

அடுத்த மாதம் மகனுக்குப் பட்டமளிப்பு விழா. ஆரம்பத்தில், போன் எடுத்தாலே விழாவுக்கு வரச் சொல்லிப் பிடுங்கி எடுப்பான். “சக்கர நாற்காலியில உக்காந்து வந்துடுங்கப்பா. இதுல என்ன வெக்கம்? ஏர்போர்ட்ல எத்தனை பேர் அப்படி வராங்க தெரியுமா?”

“என்னைப் பொட்டலம் மாதிரி தள்ளிக்கிட்டுப் போகணுமாக்கும்” என்று இவர் வள்ளென்று விழுவார். டாக்டர் வாங்கச் சொன்ன நாற்காலியின் மேல் பின்னறையில் ஈரத் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன.

பிறகு திடீரென்று மகன் அந்தப் பேச்சையே விட்டுவிட்டான். வருகிறீர்களா என்றுகூடக் கேட்பதில்லை. வர மாட்டேன் என்றவர் இவர்தான். ஆனாலும் கேட்கிற வாய் நின்றுபோனது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

அன்று மத்தியானம் மகனின் அறைத்தோழன் வந்தான். விடுமுறைக்கு ஊர் வந்தவன், மகன் கொடுத்தனுப்பிய பையைத் தந்துவிட்டு டீ குடித்தான்.

“தம்பி, உன் போன்ல அவன் படம் இருக்கா? வெட்டாத படம்.”

பையன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தான்.

“பயப்படாதே. பொண்ணு யாருன்னு தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். அடிக்க எழுந்து வரவா முடியும்?”

“பொண்ணா? அவங்களுக்கு எண்பது வயசிருக்கும் அங்கிள்.”

வேறு வழியில்லாமல் காட்டினான். கடற்கரையில் சக்கர நாற்காலியில் ஒரு கிழவி, காற்றில் பறக்கப் பார்த்த தொப்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பின்னால் கைப்பிடியைப் பிடித்தபடி மகன். மலைப்படத்திலும் நாற்காலி. அதில் ஒரு மீசைக்காரர்.

“நடக்க முடியாதவங்களை வெளியூர் கூட்டிட்டுப் போற குழு அங்கிள். சம்பளம் கிடையாது. வாராவாரம் போறோம்.”

“நல்ல காரியம்தானே, இதைச் சொன்னா என்னவாம்?” என்றாள் மனைவி.

“எப்படிச் சொல்லுவான்?” என்றார் ஸ்டுடியோக்காரர். “யார் யாரையோ தள்ளிட்டுப் போக நேரம் இருக்கு. பெத்தவனை வரீங்களான்னு ஒரு வார்த்தை கேக்க வாய் வரலை.”

பையன் இன்னொரு படத்தை எடுத்து நீட்டினான். அதில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் மகன்.

“ஐயோ, அவன் காலுக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல ஆன்ட்டி. எங்க குழுவுல ஒரு சட்டம். தள்றதுக்கு முன்னாடி ஒரு நாள் முழுக்க அதுல உக்காந்து ஊரைச் சுத்தணும். எழுந்திரிக்கக் கூடாது. அன்னிக்கு நான்தான் இவனைத் தள்ளினேன். முதல்ல ராஜா மாதிரி கையாட்டிக்கிட்டு வந்தான். செருப்புக் கடைக்குப் போனோம். கடைக்காரர் இவன் முகத்தையே பார்க்கலை. ‘இவருக்கு என்ன சைஸ்?’னு என்கிட்டக் கேட்டார். பஸ்ல ஒரு அம்மா கன்னத்தைத் தட்டிட்டு, ‘பாவம்’னு சொல்லிட்டு இறங்கிப் போனாங்க. அப்புறம் இவன் கையாட்டவே இல்லை.”

ஸ்டுடியோக்காரர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ரூமுக்கு வந்து ஷூவைக்கூடக் கழட்டலை அங்கிள். ‘அப்பாவைப் போய் இதுல என்ன வெக்கம்னு கேட்டேனேடா’ன்னான். ‘இனிமே வரச் சொல்லிக் கேக்கவே மாட்டேன்’னான். நாற்காலி தெரியற படத்தை அனுப்பினா, சாடையா உங்களைக் கூப்பிடற மாதிரி ஆயிடுமாம். அதான் வெட்டறான்.”

மனைவி முந்தானையை மூக்கருகில் கொண்டுபோனாள்.

அவர் படத்தில் மகனின் முகத்தைப் பெரிதாக்கினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“யார் எடுத்தது?”

“நான்தான் அங்கிள்.”

“தலைக்கு மேல இவ்வளவு இடம் விடக் கூடாது.”

சாயங்காலம் மகன் பேசியபோது, இரண்டு டிக்கெட் போடச் சொன்னார். தன் பெயருக்கு எதிரே சக்கர நாற்காலி வேண்டும் என்று குறிக்கச் சொன்னார்.